துவக்கோடு கொல்லன் பெயரும் போகவேண்டுமா?

தந்தை தேடிய பொருள் மைந்தனைச் சேர்வது உலக வழக்கு. வயல் வரும், வளவு வரும், மாடு கன்று வரும், சில வேளைகளில் அவர் பட்ட கடனும் தவறாமல் வந்து சேரும். இவற்றை ஏற்பதற்கும் பங்கிடுவதற்கும் ஊரிலே முறை உண்டு. நீதிமன்றத்திலே சட்டம் உண்டு. ஆனால், வைத்துக்கொள்ளவும் ஆகாமல், வீசிவிடவும் மனமில்லாமல் ஒரு பொருள் வந்து சேருமாயின் அதனை என் செய்வது? பாசிக்குடாப் பக்கத்திலிருந்து அன்பர் ஒருவர் எனக்கு எழுதியுள்ள கடிதம் இந்த வினாவையே எழுப்புகிறது.

அவருடைய தந்தையார் ஒரு கமக்காரர். காட்டோரத்து வயலைப் பன்றியிடமிருந்து காப்பதற்கென உரிமம் பெற்று, இடியன் துவக்கு ஒன்று வைத்திருந்தார். அது முழுவதும் கடையிலே வாங்கிய துவக்கன்று. குழல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பிடியும், குதிரையும், விசையும் ஊர்க் கொல்லர் ஒருவரின் கைவேலை. அன்பரின் பாட்டனாருடைய கைநீளத்தை அளந்து, அவருடைய தோளுக்குப் பொருந்துமாறு மரத்தைச் செதுக்கிச் செய்துகொடுத்தாராம் அக்கொல்லர். சுற்றுவட்டாரத்தில் அவர் கைபட்ட துவக்கென்றால் தனி மதிப்பு இருந்ததாம். போர் நடந்த ஆண்டுகளில் அது அவ்வீட்டில் இருக்கவில்லை. ஒப்படைக்கப்பட்டு, அமைதி வந்தபின் திரும்பி வந்தது. இப்பொழுது தந்தையார் காலமாகிவிட்டார். உரிமம் அவர் பெயருக்கு உரியது. அவரோடு அது முடிந்துவிட்டது. மைந்தருக்கு வேட்டையில் நாட்டமில்லை. வயலும் குத்தகைக்குப் போய்விட்டது. துவக்கை அரசாங்கத்தாரிடம் கொடுத்துவிட அவர் ஆயத்தமாகவே இருக்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: துவக்குப் போகட்டும், அதனைச் செய்த கொல்லருடைய பெயரும் அதனோடு போய்விட வேண்டுமா?

இது ஒரு வீட்டாரின் கவலை மட்டுமன்று என்பதே என் எண்ணம். ஆயுதத்தைக் குறித்து நமக்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. அவ்வாயுதத்தில் அடங்கியுள்ள கைத்திறனைக் குறித்து ஒரு சட்டமும் இல்லை, வழக்கமும் இல்லை. முன்னதைப் பின்னதிலிருந்து பிரித்துப் பார்க்க நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால், ஒன்றைப் பறிகொடுக்கும்போது மற்றொன்றையும் சேர்த்தே பறிகொடுக்கிறோம்.

முதலிலே சொல்லைச் சற்று நோக்குவோம். தமிழகத்தார் துப்பாக்கி என்பர். ஈழத்தவராகிய நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கி மொழியிலே சுடுகருவியைக் குறிக்கும் ஒரே சொல்லின் வழிவந்தவை என்பர் மொழிநூலோர். சிங்கள மக்கள் அதனைத் துவக்குவ என்று வழங்குகின்றனர். குடகு மலையிலே அது தோக்கு என்று நிற்கிறது. கடல் கடந்து வந்த ஒரு சொல் இத்தனை வாயிலும் புகுந்து இத்தனை உருவம் கொண்டதென்றால், அச்சொல் குறித்த பொருளும் இத்தனை ஊர்களிலும் ஏதோ ஒரு பட்டடையிலே தங்கி, அவ்வவ்வூர்க் கைவினைஞரின் பொருளாயிற்று என்பதே அதன் கருத்து. நம் தமிழிலே துவக்கு என்பதற்குத் தொடக்கம் என்றும், பிணைப்பு என்றும் வேறு பொருள்கள் முன்னரே இருந்தன. வந்த சொல் அவற்றோடு கலந்து உறவாடிவிட்டது. தந்தையின் துவக்கு மைந்தனுக்கு வெறும் இரும்பாகத் தோன்றாமல் ஒரு பிணைப்பாகவே தோன்றுவதில் வியப்பென்ன?

தனக்கென்று அளவு சொல்லி ஆயுதம் செய்விக்கும் வழக்கம் இந்நாட்டில் துவக்கினும் பழையது. 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கழித்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தன் நூலிலே வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறான். அம்பு முனை வேண்டிய வேடர் இரவிலே கொல்லனின் பட்டடைக்கு வந்து, தமக்கு வேண்டிய வடிவத்தை ஓர் இலையிலே வெட்டி வைத்து, அதன் அருகே இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்களாம்; செய்யாது விட்டால் அவன் உயிருக்கே ஆபத்தாம். முகம் பாராமல், பேச்சு இல்லாமல், இலை ஒன்றை மட்டும் இடையில் வைத்து நடந்த கொடுக்கல் வாங்கல் அது. செய்பவனின் திறமையிலே நம்பிக்கை இல்லாதவன் இலையிலே அளவு வெட்டி வைப்பானா? வேட வழியினர் பலர் வாகரை முதலான நம் கரையோரங்களிலே தமிழ் பேசி வாழ்ந்து வருவதை 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆராய்ச்சி நூலும் எடுத்துரைக்கிறது. ஆகவே, கொல்லனுக்கும் வேட்டைக்காரனுக்கும் இருந்த அந்தப் பழைய உறவு பாசிக்குடாவுக்குத் தூரத்துக் கதையன்று.

துவக்கு வந்தபின் நிகழ்ந்தது இன்னும் வியக்கத்தக்கது. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் வந்திறங்கியபோது, அவர்களுடைய வெடியோசை கேட்டு இந்நாட்டவர் மருண்டதாக இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறும். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே இலங்கைக் கொல்லர் தாமே துவக்குச் செய்யத் தொடங்கிவிட்டனர். அவர்கள் செய்தவற்றின் சிறப்பைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே புகழ்ந்து எழுதவேண்டிய நிலை வந்தது. பகைவன் கையில் இருந்து தம்மைச் சுட்ட கருவியைப் பிரித்துப் பார்த்து, அதன் பொறியைப் புரிந்துகொண்டு, தம் கைப்பாங்கிலே மீண்டும் படைத்தவர்கள் அவர்கள்.

அவ்வாறு படைக்கப்பட்ட சிங்களத் துவக்குகளை இன்று கொழும்பு நூதனசாலையிலும் ஐரோப்பிய அரும்பொருட்சாலைகள் சிலவற்றிலும் காணலாம். ஏனைய நாட்டுத் துவக்குகளிலே பொறி குழலின் வலப்பக்கத்தில் இருக்க, இவற்றிலே இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். பிடியின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்து, சுருண்டு, ஒரு கொடியின் நுனிபோல் முடியும். மரத்தின்மேல் தந்தம் பதித்திருப்பர். இரும்பின்மேல் வெள்ளியும் பித்தளையும் இழைத்திருப்பர். கோயிற் கதவிலும் தந்தப் பேழையிலும் நாம் காணும் அதே இலைக்கொடி வேலைப்பாடு துவக்கின் உடலெங்கும் படர்ந்திருக்கும். கண்டி அரசனுக்கெனப் பணிபுரிந்த கைவினைஞர் பட்டல் ஹத்தர எனப்படும் நான்கு பட்டடைகளாக வகுக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. சேவைக்கு ஈடாக நிலம் இருந்தது. தந்தை செய்த தொழிலை மைந்தனும் செய்தான். தந்தை உழுத நிலத்தை மைந்தனும் உழுதான். 1815 இல் கண்டியரசு வீழ்ந்தது. 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அரசனும் போய், நிலத்தோடு பிணைந்த சேவையும் போனபின், மலிவான ஆங்கிலத் துவக்கு கடைக்கு வந்தபின், பட்டடையிலே தீ அணைந்தது. 1908 இல் வெளியான தம் பெருநூலிலே ஆனந்த குமாரசுவாமி இக்கலைகளின் மறைவைப் பதிவு செய்தார். 1942 இல் பி. ஈ. பி. தெரணியகல சிங்கள ஆயுதங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இவ்விருவரும் எழுதிவைக்காதிருந்தால், இன்று நாம் அறிந்ததிற் பெரும்பகுதியை அறிந்திருக்கமாட்டோம்.

இந்தக் கதையின் ஒரு பகுதி நம் காலத்திலேயே நடந்தது. 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் லுப்பர்ட் யான் வான் எக் கண்டி நகரைப் பிடித்தபோது, அரண்மனைப் பொருள்கள் பல கொள்ளையாயின. மறு ஆண்டிலே செய்துகொண்ட உடன்படிக்கை, நம் மட்டக்களப்புக் கரை உள்ளிட்ட இலங்கைக் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தர் கைக்கே கொடுத்துவிட்டது. கொள்ளையிட்டவற்றுள் ஒரு சிறு பீரங்கி இருந்தது. வெள்ளியும் பொன்னும் வெண்கலமும் மாணிக்கமும் சேர்ந்த பீரங்கி. ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் அரும்பொருட்சாலையிலே அது நெடுங்காலம் இருந்தது. அந்நாட்டு ஆராய்ச்சியாளரும் நம் நாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அதன் வரலாற்றைத் துருவினர். 2023 ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசாங்கம் அதனையும் வேறு ஐந்து பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அவ்வைந்தனுள் இரண்டு, மகா துவக்கு எனப்படும் பெருந் துவக்குகள். இரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் வீட்டிலே கிடந்த முதுசொம் தன் வீடு வந்து சேர்ந்தது. இப்பொழுது கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாடு தன் பாட்டன் துவக்கை மீட்டுக்கொண்ட இந்நிகழ்ச்சியை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பீரங்கியிலே 1745 ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் அதனை அரசனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த லெவ்கே திசாவையின் பெயர். உலகமும் அதனை லெவ்கேயின் பீரங்கி என்றே அழைக்கிறது. அதன்மேல் வெள்ளியை இழைத்துப் பொன்னைப் பதித்தவனுடைய பெயரால் யாரும் அழைக்கவில்லை. கொடுத்தவன் பெயர் நிலைத்தது. கொண்டவன் பெயர் நிலைத்தது. கொள்ளையடித்தவன் பெயரும் நிலைத்தது. செய்தவன் மட்டும் புறத்தே நிற்கிறான். அரசன் அவைக்குச் செய்தவனுக்கே கதி இதுவாயின், காட்டோரத்துக் கமக்காரனுக்குச் செய்துகொடுத்த ஊர்க் கொல்லன் எம்மாத்திரம்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இந்நாட்டிலே துவக்கை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டம். உரிமம் ஆளுக்கு உரியதே அன்றி ஆயுதத்தோடு பிறப்புரிமையாய்ச் செல்வதன்று. மைந்தன் வேண்டுமானால் தன் தேவையைக் காட்டித் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். இல்லையேல் கையளிக்க வேண்டும். மறுபுறத்திலே 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட 1815 மார்ச் 2 ஆம் நாளை எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருளென வரையறுத்தது. அதற்கு முந்தியது மரபுச் செல்வம். பிந்தியது வெறும் சுடுகலன். நம் அன்பரின் துவக்கு இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலே விழுந்து கிடக்கிறது. ஒரு சட்டத்துக்கு அது ஓர் ஆபத்து. மற்றைச் சட்டத்துக்கு அது ஒன்றுமேயில்லை.

சட்டம் கடுமையாயிருப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கிழக்கு மாகாணத்திலே பிறந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியார். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய காலத்தை நாம் மறக்கவில்லை. பயிர் காக்க வைத்த துவக்குக்கூட அக்காலத்தில் வீட்டாருக்குக் காவலாயிருக்கவில்லை. அது யார் கண்ணிலே படுமோ என்ற அச்சமாகவே இருந்தது. போர் முடிந்த பின்னரும் ஆபத்து முடிந்துவிடவில்லை. பன்றிக்கென்று கட்டிவைத்த கட்டுத்துவக்கு விறகு வெட்டப் போனவனின் காலைப் பறித்த கதை காட்டோரத்து ஊர்களுக்குப் புதிதன்று. யானைக்கும் மனிதனுக்கும் நடக்கும் போரிலே 2023 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டிலே நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. துவக்குச் சூடு அதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. 2024 நவம்பரிலே பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளையெல்லாம் மறுபரிசீலனைக்காகக் கையளிக்குமாறு பணித்ததும் இத்தகைய அச்சத்தின் பயனே. உயிரோடிருக்கும் துவக்கு உரிமமில்லாத வீட்டிலே ஒரு நாளும் இருத்தலாகாது. பாட்டன் துவக்கு என்பதற்காக அதன் சன்னம் பாய மறுப்பதில்லை.

இதற்கு மாறான ஒரு வழியும் உலகில் உண்டு. அதனையும் எடுத்துக்காட்டுதல் கடன். கருநாடகத்தைச் சேர்ந்த குடகு மலையிலே கொடவர்களும் ஜம்மா நிலவுரிமை உடையவர்களும் உரிமமின்றியே துவக்கு வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்குப் பெற்றிருக்கின்றனர். இந்திய மத்திய அரசு 2019 இல் அவ்விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டியது. 2021 இல் கருநாடக உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அங்கே வீட்டிலே ஆண்மகவு பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி தீர்த்து ஊருக்கு அறிவிப்பார்கள். செப்டெம்பரில் வரும் கைல்போது விழாவிலே துவக்குகளைத் துடைத்து, பூசையறையில் வைத்து, மலர் சூட்டி வணங்குவார்கள். சூட்டும் மலர் நம் காந்தள். அதற்கு அங்கே தோக்குப்பூ என்றே பெயர். ஆயுதபூசை நாளிலே கொல்லன் தன் சம்மட்டிக்கும் தையற்காரன் தன் கத்தரிக்கும் பொட்டிடுவதை அறிந்த நமக்கு அந்த வழிபாட்டின் உள்ளம் விளங்காமற் போகாது. எனினும் அவ்வுரிமையை நமக்கும் தாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஒரு தலைமுறைக்கு மேலாகத் துவக்கின்கீழ் வாழ்ந்த மண் இது. குடகிலே துவக்கு வெடித்தால் பிள்ளை பிறந்ததோ என்பார்கள். இங்கே வெடித்தால் பிள்ளை போயிற்றோ என்று நெஞ்சிலே கை வைப்பார்கள். ஓர் ஊருக்கு அழகாயிருப்பது மற்றோர் ஊருக்கு ஆகாது.

ஆனால் கொடுத்துவிடு அல்லது வைத்துக்கொள் என்ற இரண்டே வழிகள்தாம் உண்டென்பதும் உண்மையன்று. ஜேர்மனி நாட்டிலே 2008 இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், துவக்கை முதுசொமாகப் பெறுபவரைத் தனியாகவே கருதுகிறது. வேட்டைக்காரராகவோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டினராகவோ இல்லாத ஒருவர் தந்தையின் துவக்கைப் பெற்றால், அதன் குழலிலே சுடமுடியாதவாறு தடைப்பூட்டு ஒன்றைப் பொருத்தி, பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவிலே 1968 ஆம் ஆண்டின் சட்டம், பழம்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ மட்டும் வைத்திருக்கும் மிகப் பழைய துவக்குகளைச் சாதாரணத் துவக்குகளிலிருந்து வேறுபடுத்திப் பார்க்கிறது. அந்நாடுகள் ஆயுதத்தைக் குறித்து அசட்டையானவை அல்ல. ஆயினும், ஒரு துவக்கினுள்ளே கொல்லும் ஆற்றல் வேறு, செய்த திறன் வேறு என்பதைச் சட்டத்தின் சொற்களாலேயே பிரித்துக் காட்டியிருக்கின்றன. முன்னதைப் பூட்டிவிட்டால் பின்னது எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

நம் நாட்டுக்கு இவ்வளவும் வேண்டாம். வீடுகளிலே பூட்டிய துவக்கு இருப்பதைக் காட்டிலும், வீடுகளிலே துவக்கே இல்லாதிருப்பதுதான் நம் மண்ணுக்கு நல்லது. நான் வேண்டுவது எளியது. ஊர்க் கொல்லர் கைவேலை என்று குடும்பத்தார் சொல்லும் ஒரு துவக்கு கையளிக்கப்படும்போது, அது உருக்குலைக்கப்படுவதற்கு முன் ஒரு நாள் காத்திருக்கட்டும். அந்த ஒரு நாளிலே அதனைப் படம் பிடிக்கவேண்டும்; குழல், பிடி, பொறி ஆகியவற்றை அளந்து எழுதவேண்டும்; செய்தவர் யார், எந்த ஊர், யாருக்காகச் செய்தார், என்ன மரம், எத்தனை நாள் வேலை என்று வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். மிகச் சிறந்த சிலவற்றை மட்டும், இனி ஒருபோதும் வெடிக்காதவாறு செய்து, மட்டக்களப்பிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஏனையவை உலைக்குப் போகட்டும். அவற்றின் வரலாறு ஏட்டிலே இருக்கும்.

இதனைச் செய்வதற்கு ஆளில்லை என்று சொல்லவொண்ணாது. பாசிக்குடாவுக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடைவழியிலே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியிலே சுவாமி விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வரலாறு பயிலும் மாணவர் ஒருவரும், சித்திரம் பயிலும் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு துவக்கின் கதை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அரசாங்க அதிபரின் அலுவலகம் இசைவு தந்தால் போதும். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை 1964 இல் வெளியிட்டார்கள். பொருட்செலவாலன்று, ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதிய பொறுமையாலேயே அத்தகைய நூல்கள் உருவாகின்றன. அப்பொறுமை இன்றைய இளைஞரிடம் இல்லையென்று யார் சொல்லமுடியும்?

ஒரு மறுப்பு எழலாம். கொல்லும் கருவிக்கு இத்தனை பரிவு எதற்கு? அதே கொல்லர் செய்த கொழுவையும் மண்வெட்டியையும் அரிவாளையும் யாரும் எழுதிவைக்கவில்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவற்றையும் எழுதத்தான் வேண்டும் என்பதே என் விடை. ஆயினும் ஒன்றுண்டு. கொழு தவறினால் உழவு ஒரு நாள் தாமதமாகும். துவக்கின் பொறி தவறினால் அதனை ஏந்தியவனின் முகமே போய்விடும். குழலும் பொறியும் ஒரு நெல்லளவு பிசகினாலும் ஆபத்து. இரும்பை எவ்வளவு காய்ச்சுவது, விசைவில்லை எந்தச் சூட்டிலே நீரிலிடுவது, எந்த மரம் மழையிலே முறுக்கேறாது என்பதையெல்லாம் கையாலும் கண்ணாலும் அறிந்தவனே அதனைச் செய்யமுடியும். ஊரார் அவனை நம்பித் தம் கன்னத்தை அந்த மரத்திலே சாய்த்தார்கள். அந்த நம்பிக்கையே அவன் பெற்ற பட்டம். கொல்லனுடைய அறிவின் உச்சம் எங்கே இருந்ததென்று அறிய விரும்புவோர் அவன் செய்த மிகக் கடினமான பொருளைப் பார்க்கவேண்டும். அது நம் ஊர்களிலே துவக்காயிருந்தது. இதற்காக அப்பொருளின் பயனை நாம் புகழவேண்டியதில்லை. அந்த அறிவை அறியாமல் விடுவதுதான் குற்றம்.

மற்றொரு மறுப்பும் உண்டு. துவக்குச் செய்தவர் பெயரை எழுதினால் அவருடைய வழிவந்தோருக்குத் தொல்லை வருமோ என்று சிலர் அஞ்சலாம். போர்க்காலத்து அச்சம் இன்னும் நம் எலும்பிலே இருக்கிறது. அதனை நகையாட நான் விரும்பவில்லை. ஆகையால் குடும்பத்தாரின் சம்மதமின்றி ஒரு பெயரும் எழுதப்படலாகாது. மறைந்த தலைமுறையின் வேலையை மட்டுமே பதிவு செய்யவேண்டும். எழுதுவோர் பொலிசாரின் கண்ணாகவோ கையாகவோ இருத்தல் கூடாது. இந்த மூன்று வரம்புகளையும் முதலிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டால், பேசத் தயங்கும் முதியவர்களும் பேசுவார்கள். நூறாண்டுக்கு முந்திய கைத்திறனைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் அஞ்சவேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்குவதும் அமைதியின் ஒரு பகுதியே.

காலம் மிகுதியாக இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று பாசிக்குடாக் கரையிலே விருந்தினர் விடுதிகள் வரிசையாய் நிற்கின்றன. 2004 இல் ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரை அது. போரினால் நெடுங்காலம் ஆளரவம் அற்றிருந்த கரை. இன்று அங்கே வெளிநாட்டார் வந்து பாசி படர்ந்த அமைதியான நீரிலே நீந்திச் செல்கின்றனர். அக்கரைக்குப் பின்னாலுள்ள ஊர்களில் பட்டடை வைத்திருந்த தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. மண்வெட்டி கடையிலே வருகிறது. கத்தி பெட்டியிலே வருகிறது. கொல்லரின் பேரர் ஒருவர் விடுதியிலே வேலை பார்க்கிறார். மற்றொருவர் மத்திய கிழக்கிலே வாகனம் ஓட்டுகிறார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தொழில் மாறுவது வாழ்வின் இயல்பு. ஆனால் பட்டடை மூடிய நாளைக் கண்ட முதியவர் இன்னும் சிலர் இருக்கின்றனர். இன்னார் செய்த துவக்கு இது என்று தொட்டுச் சொல்ல வல்லவர்களும் இருக்கின்றனர். பத்தாண்டு கழிந்தபின் துவக்கு இருந்தாலும் சொல்வார் இருக்கமாட்டார்.

ஆதலால், கடிதம் எழுதிய அன்பருக்கும் அவர்போன்ற பிறருக்கும் நான் கூறுவது இது: துவக்கைச் சட்டப்படி தாமதமின்றிக் கையளியுங்கள். அதற்கு முன்னரே, துவக்கைத் தொடவும் தேவையின்றி, ஒரு கொப்பியை எடுத்து அதனைச் செய்தவருடைய பெயரையும் ஊரையும், உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்ட கதையையும் எழுதிவையுங்கள். அதற்கு எவருடைய உரிமமும் வேண்டியதில்லை. அரசாங்கத்தாருக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் நான் கூறுவது: அந்தக் கொப்பியை வாங்கிக்கொள்ள ஒரு கை நீட்டுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து இரண்டு மகா துவக்குகளை மீட்டுவர நமக்கு இரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. வாழைச்சேனையிலும் வாகரையிலும் இருப்பதை நம் கையாலேயே தொலைத்துவிட்டால், அதனைத் திருப்பித்தர உலகில் எந்த அரும்பொருட்சாலையாலும் இயலாது.